வண்டி யாருடையது?

'வரி' என்னும் சொல்லுக்குத் தமிழில் பல பொருள் உண்டு. கோடு என்பது ஒன்று. எழுத்தின் நிரல் என்பது மற்றொன்று. குடிமக்கள் அரசுக்குச் செலுத்தும் இறை என்பது வேறொன்று. வகுப்பறையில் முப்பது ஆண்டுகளாக இப்பொருள்களை மாணவர்க்கு எடுத்துரைத்து வந்தவன் நான். ஆயினும் இம்மூன்றும் ஒன்றோடொன்று எவ்வளவு நெருங்கியவை என்பதை நான் கற்றுக்கொண்டது நூலகத்தில் அன்று. ஒரு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் மர இருக்கையில்தான். அக்கல்வி எனக்குச் சற்று விலையுயர்ந்ததாகவே வாய்த்தது. என் மாணவச் செல்வங்களுக்காவது அது மலிவாகக் கிடைக்கட்டும் என்னும் விழைவால் இதனை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் மேலப்பாளையம். என் வாப்பா ஜவுளி வணிகர், கணக்கில் கறாரானவர். எங்கள் சிறுவயதில் அவரிடம் ஒரு பழைய அம்பாசிடர் இருந்தது. அந்நாளில் காருக்குரிய வரியைக் காலாண்டு, அரையாண்டு, ஆண்டு எனத் தவணை வைத்துச் செலுத்த வேண்டும். செலுத்தியதற்கு அடையாளமான வில்லையை முன்கண்ணாடியில் காட்சிக்கு வைக்க வேண்டும். தவணை முடியும் முன்னரே வரியைக் கட்டிவிட்டுப் புதிய வில்லையை ஒட்டும் நாளில் வாப்பா எங்களை அருகழைத்துக் காட்டுவார். "கடன் தீர்ந்தது" என்று ஒரே சொல்லில் முடித்துக்கொள்வார். அரசுக்குச் செலுத்துவதையும் கடைக்காரருக்குச் செலுத்துவதையும் அவர் ஒரே பேரேட்டில்தான் எழுதினார்.

2005-ஆம் ஆண்டு வாப்பா ஒரு மாருதி 800 வாங்கினார்கள். வாங்கும்போதே வாழ்நாள் வரி செலுத்தியாகிவிட்டது. காலாண்டுதோறும் வில்லை ஒட்டும் வேலை அத்தோடு நின்றது. 'இனி இந்த வண்டிக்கு நாம் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை' என்னும் எண்ணமும் அன்றே எங்கள் வீட்டில் குடிபுகுந்தது. எங்கள் தவற்றின் வித்து அதுவே என இன்று உணர்கிறேன்.

2013-ஆம் ஆண்டு வாப்பா வஃபாத்தானார்கள். அல்லாஹ் அவர்களின் கபுரை ஒளிமிக்கதாக்குவானாக! வீடும் கடையும் மார்க்க முறைப்படி பங்கிடப்பெற்றன. வண்டியை மட்டும் யாரும் பேச்சில் எடுக்கவில்லை. மூத்த மகன் என்பதால் சாவி என் கைக்கு வந்தது, நானும் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஆண்டுதோறும் காப்பீட்டைப் புதுப்பித்தேன். வாப்பாவின் பெயரிலேயே புதுப்பித்தேன். பதிவுச் சான்றில் அவர்களின் பெயரைக் காணும்போதெல்லாம் நெஞ்சுக்கு ஓர் ஆறுதல். அப்பெயரை மாற்றினால் வாப்பா எங்களை விட்டு மற்றொரு முறை போய்விடுவார்கள் என்றொரு பேதைமையும் என்னுள் இருந்தது. சோம்பலுக்கு அன்பின் ஆடையை உடுத்தி வைத்திருந்தேன் என்பதே உண்மை.

ஆறு ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன.

2019-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு நாள், என் லாத்தாவின் மகன் ஓர் அவசர வேலைக்காக அவ்வண்டியை எடுத்துச் சென்றான். உரிமம் உள்ளவன், நிதானமாக ஓட்டுபவன். ஆயினும் விதி வேறாக இருந்தது. மிதிவண்டியில் நுங்கு விற்று வந்த பெரியவர் ஒருவர் திருப்பத்தில் வண்டியின் முன்புறத்தில் மோதுண்டு வீழ்ந்தார். கால் எலும்பு முறிந்தது. மருமகன் ஓடிவிடவில்லை. அவரைத் தூக்கி அதே வண்டியில் மருத்துவமனையில் சேர்த்துவிட்டே எனக்குச் செய்தி சொன்னான். அந்த அளவில் எங்கள் குடும்பத்துப் பிள்ளை எங்களைத் தலைகுனிய விடவில்லை. தலைகுனிவு என் வழியாகத்தான் வந்தது.

காவல் நிலையத்தில் ஏட்டு பதிவுச் சான்றை வாங்கிப் பார்த்தார்.

"வண்டி யாருடையது சார்?"

"எங்க வாப்பாவுடையது."

"அவரை வரச் சொல்லுங்க. உரிமையாளர் கையெழுத்து வேணும்."

நான் பேசாது நின்றேன். வாப்பா பள்ளிவாசலை ஒட்டிய மையவாடியில் ஆறாண்டுகளாகத் துயில்கொண்டிருக்கிறார்கள் என்பதை எந்தச் சொல்லால் அவருக்கு எடுத்துரைப்பது? சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க காலேஜ் வாத்தியார்தானே சார்?" என்று மட்டும் கேட்டார். அக்கேள்வி பல நாள் என் உறக்கத்தைக் கெடுத்தது. வாழ்நாளெல்லாம் ஒரு காசுக் கடனின்றி வாழ்ந்த மனிதரின் பெயர், ஒரு விபத்துப் பதிவேட்டில் வண்டி உரிமையாளர் என்னும் இடத்தில் எழுதப்பட்டது. அதற்கு நானே காரணம்.

காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து வினாக் கடிதம் வந்தது. 2013-இல் இறந்தவர் 2018-இல் எவ்வாறு ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார் என்பதே அதன் சாரம். அதற்கு என்னிடம் விடையில்லை. மற்றொன்றும் அப்போதுதான் என் கருத்தில் தைத்தது. இழப்பீடு கோராத ஆண்டுகளுக்காகக் காப்பீட்டுக் கட்டணத்தில் 'நோ கிளெய்ம் போனஸ்' என ஒரு தள்ளுபடி தருவார்கள் அல்லவா? அது வண்டிக்குரியது அன்று. காப்பீடு செய்துகொண்ட ஆளுக்குரியது. வாப்பாவின் நிதானத்துக்குக் கிடைத்த அத்தள்ளுபடியை, அவர்கள் மறைந்த பின்னும் அவர்கள் உயிரோடிருப்பதுபோல் காட்டி நான் ஆறாண்டுகள் துய்த்திருக்கிறேன். இதனை எச்சொல்லால் அழைப்பது என்பதை வாசிப்போரின் தீர்ப்புக்கே விட்டுவிடுகிறேன்.

நுங்கு விற்ற பெரியவரின் மருத்துவச் செலவையும், அவர் தொழிலிழந்த மூன்று மாத வருவாயையும் நாங்கள் உடனே ஏற்றுக்கொண்டோம். அல்லாஹ்வின் அருளால் அவர் மீண்டும் நடந்தார்.

இந்நிலையில்தான் வீட்டில் வண்டிகள் கைமாற வேண்டிய சூழல் எழுந்தது. பெங்களூரில் பணியாற்றி வந்த என் தம்பிக்கு ரியாத்தில் வேலை கிடைத்தது. அங்கே 2015-இல் அவன் வாங்கிய காரை எனக்குத் தந்துவிட விரும்பினான். வாப்பாவின் வண்டியை லாத்தாவின் வீட்டுக்குக் கொடுத்துவிடலாம் என்று உம்மா சொன்னார்கள். தம்பி தொலைபேசியில், "வீட்டுக்குள்ளதானே காக்கா மாறுது, சாவியை மாத்திக்கிட்டாப் போதாதா?" என்றான். காவல் நிலையத்து மர இருக்கையைக் கண்டிராத காலமாயின், 'போதும்' என்றே நானும் சொல்லியிருப்பேன்.

முதலில் வாப்பாவின் வண்டியை எடுத்துக்கொண்டேன். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் தோன்றியவை. உரிமையாளர் இறந்தால் வண்டியைத் தம் வசம் கொண்டவர் 30 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். 3 மாதத்துக்குள் படிவம் 31-இல் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது அவ்விதி. நான் மூன்று மாதத்தை ஆறு ஆண்டாக நீட்டியவன். அலுவலகத்தில் என் விண்ணப்பத்தை வாங்கிய அம்மையார் கடிந்துகொள்ளவில்லை. இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் இருக்கின்றனவா என்று பார்த்தார். பின்னர், "மற்ற வாரிசுகளோட சம்மதக் கடிதம் எங்கே சார்?" என்றார்.

மிகச் சாதாரணமான அலுவலகக் கேள்வி அது. ஆனால் அது என் மார்பில் கைவைத்து நிறுத்தியது போலிருந்தது. மற்ற வாரிசுகளின் சம்மதம்! ஆறாண்டுகளில் ஒருமுறையேனும் அதை நான் கேட்டதுண்டா?

அன்றிரவு வாரிசுரிமைக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். மனைவியும் இரு ஆண்மக்களும் ஒரு பெண்ணும் வாரிசாக உள்ள இடத்தில், சொத்தை 40 பாகமாக்கினால் மனைவிக்கு எட்டில் ஒன்றாகிய 5 பாகம், ஆண்மக்கள் ஒவ்வொருவருக்கும் 14, மகளுக்கு 7. வீட்டையும் கடையையும் இக்கணக்கின்படியே பிரித்திருந்தோம். வாசலில் நின்ற வண்டியை மட்டும் கணக்குக்கு வெளியே நிறுத்திவிட்டோம். அவ்வண்டியில் என்னுடையது 14 பாகம். ஏனைய 26 பாகமும் பிறருடையவை. நான் ஓட்டியது என் வண்டியை அன்று. பிறர் ஹக்கின் மீது அமர்ந்து நான் ஆறாண்டுகள் கல்லூரிக்குப் போய் வந்திருக்கிறேன். அதே வண்டியில் ஜும்ஆவுக்கும் போய் வந்திருக்கிறேன்!

சம்மதக் கடிதத்தோடு லாத்தாவின் வீட்டுக்குச் சென்றேன். அவள் அதைப் படித்துக்கூடப் பார்க்கவில்லை. "எங்க போடணும்?" என்று கேட்டுக் கையெழுத்திட்டாள். "நீ ஓட்டினா என்ன தம்பி, நான் ஓட்டினா என்ன" என்றாள். எனக்கு ஒரு நினைவு எழுந்தது. 2016-இல் அவளுடைய மாமியாருக்குச் சிறுநீரகக் கோளாறு. வாரம் இருமுறை, ஏறத்தாழ ஓராண்டுக் காலம், அவள் அந்த முதியவரை ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டு சென்றாள். அந்த ஓராண்டு முழுவதும், அவளுக்கும் பங்குள்ள வண்டி என் வீட்டு வேப்பமர நிழலில் துணி போர்த்து நின்றிருந்தது. அவள் கேட்கவில்லை. கேட்காததால் எனக்கும் தோன்றவில்லை. கேட்கத் தெரியாதவரின் ஹக்கு எத்தனை எளிதாக மறைந்துபோகிறது! அதை வெளியே கொண்டுவந்தது என் மார்க்க அறிவன்று, தமிழறிவும் அன்று. அரசு அச்சிட்ட ஒரு படிவம்.

பணிமனைக்காரர் ஒருவரைக் கொண்டு வண்டியை மதிப்பிட்டோம். உம்மாவும் தம்பியும் நானும் எங்கள் பங்கை லாத்தாவுக்கு மனமுவந்து விட்டுக்கொடுத்து எழுதிக் கையொப்பமிட்டோம். ஆறாண்டுகள் நான் பயன்படுத்தியதற்கு ஈடாக ஒரு தொகையை அவளிடம் கொடுத்தேன். வாங்க மறுத்தாள். மறுப்பது அவள் பெருந்தன்மை. கொடுப்பது என் கடமை. மருமகளின் படிப்புக்கென்று சொல்லி வற்புறுத்திய பின்னரே ஏற்றுக்கொண்டாள். பதிவுச் சான்றில் வாப்பாவின் பெயர் இருந்த வரியில் அவள் பெயர் ஏறியது. அவ்வண்டிக்கு வாப்பா செலுத்திய வாழ்நாள் வரி வண்டியோடு அவளைச் சேர்ந்தது. ஒரே மாநிலத்துக்குள் பெயர் மாறும்போது அவ்வரியை மறுபடி செலுத்த வேண்டியதில்லை. 2020-இல் வண்டிக்குப் பதினைந்து ஆண்டு நிறைந்தபோது, தகுதிச் சோதனைக்கு நிறுத்தி, பசுமை வரி செலுத்தி, மேலும் ஐந்தாண்டுக்குப் பதிவைப் புதுப்பித்துக்கொண்டார்கள். 'வாழ்நாள் வரி' என்னும் பெயரைக் கேட்டு, இனி ஒன்றுமில்லை என்று எண்ணியிருந்த எங்களுக்கு அதுவும் ஒரு பாடமாயிற்று.

அடுத்தது தம்பியின் வண்டி. இதில்தான் வரியின் மெய்யான சிக்கல் இருந்தது.

"ஒருமுறை வாழ்நாள் வரி கட்டியாச்சே காக்கா, மறுபடி எதுக்கு?" என்பது தம்பியின் வினா. நியாயமான வினாவே. இதற்கு விடை நம் அரசியல் சட்டத்தில் உள்ளது. ஏழாம் அட்டவணையின் மாநிலப் பட்டியலில் 57-ஆம் இனம், வாகனங்களின் மீதான வரியை மாநிலங்களுக்கு உரியதாக்குகிறது. பதிவு, உரிமம் முதலியவற்றை ஆள்வது 1988-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம். வரியை ஆள்வது அந்தந்த மாநிலச் சட்டம். நம் மாநிலத்தில் அது 1931-இன் சென்னை மோட்டார் வாகன வரிச் சட்டமாகத் தொடங்கி, 1974-இன் தமிழ்நாட்டுச் சட்டமாக நிலவுகிறது. கருநாடகத்துச் சாலைகளுக்காகக் கருநாடகம் வரி பெற்றது. வண்டி இனி ஓடப்போவது நெல்லைச் சாலையில். ஆகவே இங்கும் செலுத்த வேண்டும். ஆனால் இது இரட்டை வரி அன்று. பயன்படுத்தாமல் எஞ்சிய காலத்துக்குரிய பகுதியைக் கருநாடகத்திடமிருந்து திரும்பக் கேட்டுப் பெறலாம்.

ஒரு மாநிலத்துப் பதிவெண்ணோடு வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் புதிய எண் பெற வேண்டும் என்கிறது 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 47-ஆம் பிரிவு. நண்பர் ஒருவர் இதைப் பிடித்துக்கொண்டார். "பதினோரு மாதம் ஓட்டுங்கள்; ஒருமுறை பெங்களூர் போய் வாருங்கள்; கணக்கு மறுபடி தொடங்கிவிடும். எத்தனை பேர் ஆண்டுக்கணக்கில் 'கே.ஏ.' எண்ணோடு ஓட்டுகிறார்கள்! யார் கேட்கிறார்கள்?" என்றார். அந்தப் பன்னிரண்டு மாதம் பதிவெண்ணைப் பற்றியதே அன்றி வரியைப் பற்றியதன்று என்பதை அவரும் அறிவார். 'யார் கேட்கிறார்கள்' என்பது அவர் வாதம். கேட்கத் தெரியாத ஒருத்தியிடம் ஆறாண்டு கடன்பட்டு நின்ற எனக்கு அவ்வாதம் அச்சத்தையே தந்தது. கேட்பவன் ஒருவன் உளன் என்பது நம் நம்பிக்கையன்றோ?

இங்கே செலுத்த வேண்டிய வரி, வண்டியின் வயதுக்கேற்பக் குறைந்திருந்தும், என் மாத ஊதியத்தில் பாதியளவு வந்தது. கை நடுங்கவில்லை என்று சொன்னால் அது பொய். ஆயினும் செலுத்துவதென்று துணிந்தேன்.

வேலையின் வரிசையை இங்கே சற்று விளக்குவது பயனுடையதாகும். தம்பி கடனில் வாங்கிய வண்டி அது. கடன் அடைந்து ஈராண்டாகியும் பதிவுச் சான்றில் வங்கியின் அடைமானக் குறிப்பு நீங்காதிருந்தது. வங்கியின் கடிதமும் படிவம் 35-உம் கொடுத்து முதலில் அதனை நீக்கினோம். அடுத்து, அபராத பாக்கிகள் தீர்ந்தபின், படிவம் 28 வழியே தடையின்மைச் சான்று பெற்றோம். எந்த அலுவலகத்துக்கு வண்டி போகிறது என்பதை அதில் குறிப்பிட வேண்டும். தம்பி விமானம் ஏறுவதற்கு முன்பே, உரிமை மாற்றத்துக்குரிய 29, 30 என்னும் படிவங்களில் கையொப்பமிட்டான். இதை மறந்து அயல்நாடு போய்விட்டவர்களின் வண்டிகள் எத்தனையோ வீட்டு வாசல்களில் பெயர் மாறாமல் நிற்கின்றன.

கையொப்பமிட்டபின் நாங்கள் இருவரும் அவ்வண்டியிலேயே ஓசூர், கிருஷ்ணகிரி, சேலம், கரூர், மதுரை வழியாக ஊர் வந்து சேர்ந்தோம். உம்மாவின் முன்னிலையில் தம்பி சாவியை என் கையில் வைத்தான். நம் மார்க்கச் சட்டத்தில் அன்பளிப்பாகிய ஹிபா நிறைவேற மூன்று வேண்டும்: கொடுப்பதாகச் சொல்லுதல், ஏற்றுக்கொள்ளுதல், பொருளைக் கையில் ஒப்படைத்தல். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் இரு படிவங்களும் அதையேதான் வேறு நடையில் கேட்கின்றன. ஒன்றில் கொடுப்பவர் அறிவிக்கிறார். மற்றொன்றில் பெறுபவரும் சேர்ந்து ஒப்புகிறார். சட்டமும் மார்க்கமும் இங்கே முரண்படவில்லை, ஒன்றையொன்று உறுதிசெய்கின்றன.

வண்டியைக் காட்டி, படிவம் 27 கொடுத்து, வரியைச் செலுத்தினேன். 72 என்னும் நெல்லை எண்ணோடு புதிய பலகை ஏறியது. இங்கே வரி செலுத்தியதற்கும் புதிய எண் பெற்றதற்கும் உரிய சான்றுகளை இணைத்துக் கருநாடகத்தில் திரும்பப் பெறும் விண்ணப்பத்தை இட்டோம். சில மாதம் கழித்துத் தொகை வந்தது. வந்தது தம்பியின் வங்கிக் கணக்குக்கு. ஏனெனில் அங்கே செலுத்தியவன் அவன். "அங்கே நீங்கதானே காக்கா கட்டினீங்க, இதை நீங்களே வச்சுக்குங்க" என்றான். மறுத்தேன். அவன் பயன்படுத்தாத ஆண்டுகளுக்கு அவன் செலுத்தியது அவனுடையது; நான் பயன்படுத்தப்போகும் ஆண்டுகளுக்கு நான் செலுத்தியது என்னுடையது. அத்தொகையை அவன் நுங்கு விற்கும் பெரியவருக்கு ஒரு தள்ளுவண்டி வாங்கக் கொடுத்துவிட்டான். அது அவன் செயல். அதில் எனக்குப் பங்கில்லை.

இங்கிலாந்தில் வாழும் என் பழைய மாணவர் ஒருவரிடம் இக்கதையைச் சொன்னபோது அவர் வேறொரு நடைமுறையைச் சொன்னார். அங்கே 2014-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாளோடு முன்கண்ணாடி வில்லை ஒழிந்தது. அன்றுமுதல், வண்டி கைமாறினால் வரி அதனோடு செல்வதில்லை. கணவன் மனைவிக்குக் கொடுத்தாலும் அப்படியே. கொடுத்தவருக்கு எஞ்சிய முழு மாதங்களுக்குரிய தொகை திரும்பும். பெற்றவர் தம் பெயரில் வரி செலுத்திய பிறகே வண்டியைச் சாலையில் இறக்கலாம். வீட்டில் இரண்டு கார் இருந்து ஒன்றை ஓட்டாமல் நிறுத்துவதானால், சாலைக்குக் கொண்டுவருவதில்லை என்று அரசுக்கு அறிவித்துவிட வேண்டும். வீட்டுக்குள் மாறினாலும் ஆள் வேறு, கடன் வேறு என்பதை அந்நாட்டு முறை மறக்கவிடுவதில்லை. நம் முறையில் வரி வண்டியோடு ஒட்டிச் செல்வதால், நாம் ஆளையே மறந்துவிடுகிறோம்.

அம்மறதி எவ்வளவு கொடிது என்பதற்கு 2018-ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பொன்று சான்று. விற்றுவிட்ட கார், பெயர் மாறாமலே பல கைகள் மாறி விபத்துக்குள்ளாயிற்று. பதிவேட்டில் யார் பெயர் உள்ளதோ அவரே சட்டத்தின் கண்ணில் உரிமையாளர். இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று நீதிமன்றம் தீர்த்தது. கொடுத்த தேதியும் வாங்கிய காசும் அங்கே செல்லவில்லை. வரியில் எழுதிய பெயரே சென்றது.

நாம் பயிலும் இலக்கியத்திலும் இப்பாடம் உண்டு. காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் பொதிகளுக்கு உல்கு பெற்றுப் புலிப்பொறி இட்டதைப் பட்டினப்பாலை காட்டுகிறது. பொறி இடப்பட்ட பொதியே கணக்கில் வந்த பொதி. வரியை அறமுறையில் கொள்ளுமாறு பாண்டியன் அறிவுடைநம்பிக்குப் பிசிராந்தையார் உரைத்த அறிவுரை புறநானூற்றில் உள்ளது. வாங்கும் அரசனுக்கு அறம் உண்டென்றால், செலுத்தும் குடிக்கும் அறம் உண்டு. நாம் மன்னனுக்கு உரைத்த பாட்டை மனனம் செய்கிறோம்; நமக்குரிய பாதியை மறந்துவிடுகிறோம்.

இவ்வேலைகள் பலவற்றை இன்று இணையவழியே செய்துகொள்ள முடிகிறது. 2021 முதல் பதிவுச் சான்றில் நியமனதாரரைக் குறிக்கும் வசதியும் வந்துள்ளது. அந்நியமனம் பெயர் மாற்றத்தை எளிதாக்குமேயன்றி ஏனைய வாரிசுகளின் பங்கை அழித்துவிடாது என்பதை நம்மவர்கள் நினைவில் கொள்ள வேண்டும். அடிக்கடி மாநிலம் மாறும் பணியில் உள்ளோர்க்கு அதே ஆண்டு 'பி.எச்.' வரிசை எண் அறிமுகமாயிற்று. அரசு ஊழியரும், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் கிளையுள்ள நிறுவனத்தில் பணிபுரிவோரும் அதைப் பெற்று, ஈராண்டுக் கணக்கில் வரி செலுத்தலாம். 2023 நவம்பரில் நம் மாநிலத்து வாழ்நாள் வரி உயர்ந்தது. பத்து இலட்சம் வரை 10 விழுக்காடு, அதற்கு மேல் 15 விழுக்காடு என்றிருந்த கார் வரி, விலைக்கேற்ப 12, 13, 18, 20 என நான்கு படிகளாயிற்று. வரி உயர உயர, 'யார் கேட்கிறார்கள்' என்னும் குரலும் உயரும். இளையோர் அக்குரலுக்குச் செவிசாய்க்கலாகாது.

மாணவச் செல்வங்களே! வண்டி கைமாறும் நாளிலேயே பெயரையும் மாற்றிவிடுங்கள். காப்பீட்டையும் 14 நாளுக்குள் புதிய பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். சுங்கச்சாவடிக்குரிய ஃபாஸ்டாக் வில்லையையும் பழைய பெயரில் விட்டுவைக்காதீர்கள். உடன்பிறந்தவர்தாமே என்று எழுத்தைத் தள்ளிப்போடாதீர்கள். உடன்பிறந்தவர் என்பதால்தான் எழுத வேண்டும். அயலான் கேட்டுப் பெற்றுவிடுவான், உடன்பிறந்தவள் கேட்கமாட்டாள்.

வாப்பாவின் பெயர் பொறித்த பழைய பதிவுச் சான்றின் நகலொன்றை என் மேசையில் வைத்திருக்கிறேன். மையவாடிக்குச் சென்று வரும் நாள்களில் அதை எடுத்துப் பார்ப்பதுண்டு. அவர்களின் பெயரை ஒரு தாளில் நிறுத்தி வைத்ததை அன்பென்று ஆறாண்டுகள் எண்ணியிருந்தேன். அப்பெயரின் மீது கடன் ஏறாமல் காத்திருந்தால், அதுவே அன்பாகியிருக்கும். அவர்கள் மொழியில் சொன்னால், இப்போதுதான் கடன் தீர்ந்தது. அல்லாஹ் பொறுத்தருள்வானாக!